நீக்கிய சொல்லும் நீங்காத கேள்வியும்

'இண்டர்லோக்' பாடநூல் விவகாரத்தை வகுப்பறைக்காக மீண்டும் வாசித்தல்

2011ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கும் அவர்களுக்குப் பாடம் நடத்தியவர்களுக்கும் 'இண்டர்லோக்' என்ற பெயர் மறந்திருக்காது. மலாய்மொழிப் பாடத்தின் இலக்கியக் கூறில், அதாவது கோம்சாஸில், ஐந்தாம் படிவத்துக்கு வைக்கப்பட்ட நாவல் அது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஆகிய பகுதிகளின் பள்ளிகளுக்கு அது பாடநூல். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களைப் பறையர் சாதி என்று ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடும் பகுதி அதில் இருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. பொது அமைப்புகள் கூட்டம் போட்டன, அரசியல் கட்சிகள் அறிக்கை விட்டன. சீனர்களைக் காட்டிய விதம் சரியில்லை என்று சீன அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. 2011 மார்ச்சில், அந்தச் சொல்லையும் சாதி பற்றிய பகுதிகளையும் நீக்கிவிட்டுப் புத்தகத்தைப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. அதிலும் மனநிறைவு ஏற்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நாவலே மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே எழுத்தாளரின் 'கொன்செர்ட்டோ தெராக்கிர்' என்ற வேறொரு நாவல் அந்த இடத்தில் வந்தது.

வெற்றி என்று பலர் எழுதினார்கள். வெற்றிதான். ஆனால் புத்தகம் போன பிறகு என்ன மிச்சம்? அந்தச் சொல் பள்ளித் திடலில் இன்னமும் வசைச்சொல்லாக இருக்கிறதா இல்லையா? ஆசிரியர்கள் தங்களையே கேட்டுப் பார்க்கலாம். பினாங்கில் அந்த நாவல் பாடமாக இல்லை. அதனால் "நமக்கென்ன வந்துச்சு" என்று ஆயர் ஈத்தாமில் உள்ள நாம் இருந்துவிட முடியாது. நாவலின் மணியம் கப்பலேறி வந்து இறங்கும் துறைமுகம் பினாங்கு. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி முடிக்கும் நம்ம பிள்ளைங்க அடுத்த ஆண்டே தேசிய இடைநிலைப்பள்ளியில், பல இனத்தார் உள்ள வகுப்பில் உட்காருகிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேராகக்கூட இருக்கலாம். அந்த வகுப்பில் இப்படி ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னால், அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் நாவலைப் பார்க்கிறது.

நாவல் என்ன செய்ய நினைத்தது?

முதலில் நாவலாசிரியருக்கு நியாயம் செய்வோம். அப்துல்லா ஹுசேன் 1920இல் கெடாவில் பிறந்தவர். 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். 2014இல் மறைந்தார். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி 1967இல் நடந்த நாவல் போட்டிக்காக 'இண்டர்லோக்'கை எழுதினார். அதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. 1971இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அதை நூலாக வெளியிட்டது.

நாவல் நான்கு பாகம். முதல் பாகம் செமானின் மலாய்க் குடும்பம். இரண்டாவது 'சீனா பாஞ்சாங்' குடும்பம். மூன்றாவது மணியத்தின் குடும்பம். நான்காம் பாகத்தில் மூன்று குடும்பங்களின் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. நூலின் பெயரே அந்தப் பின்னலைத்தான் குறிக்கிறது. அடிபட்ட மணியத்தை ஒரு மலாய்க்காரர் காப்பாற்றும் இடம்கூட உண்டு. ஆங்கிலேய ஆட்சி மலாய்க்காரரை வயலிலும், சீனரைக் கடையிலும், இந்தியரைத் தோட்டத்திலும் தனித்தனியே வைத்தது. அந்தச் சுவர்கள் எப்படி உடைந்தன என்று காட்ட நினைத்த கதை இது. நோக்கத்தில் வெறுப்பு இல்லை. மலாய்ச் சமூகத்தையும் அது புகழ்ந்துகொண்டே போகவில்லை. எழுத்தறிவில்லாமையால் செமானின் குடும்பம் நிலத்தை இழக்கும் துயரத்தையும் எழுதியிருக்கிறது.

நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொள்ள முடியாது. பாடநூலாக வரும் நாவலை இரண்டு தராசில் நிறுக்க வேண்டும். இலக்கியமாக அது எப்படி என்பது ஒன்று. பதினேழு வயதுப் பிள்ளை, தானாகத் தேர்ந்தெடுக்காமல், மதிப்பெண்ணுக்காகப் படித்தே ஆக வேண்டிய நூலாக அது எப்படி என்பது இன்னொன்று. கடையில் வாங்கிய நாவல் பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். பாடநூலை மூடி வைக்க முடியாது.

குறை எங்கே இருக்கிறது?

முதல் குறை, பாத்திரப் படைப்பில். நாவலின் மனிதர்கள் ஆளாக வருவதற்கு முன்பே இனமாக வந்துவிடுகிறார்கள். மலாய்க்காரர் என்றால் வெகுளி, சீனர் என்றால் கணக்குப்பிள்ளை, இந்தியர் என்றால் சாதிக்கு அஞ்சிய கூலி. பிறகு நான்காம் பாகத்தில் எல்லாரும் கைகோக்கும்போது, கைகோப்பது மூன்று அச்சுப் பதுமைகளாகத் தெரிகிறது. ஒற்றுமையைச் சொல்ல வந்த கதை, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குணத்தை ஒட்டிவிட்டுத்தான் அதைச் சொல்கிறது. அன்றைக்குச் சீன அமைப்புகள் எழுப்பிய குறையும் இதுதான்.

இரண்டாவது குறை, தகவலில். மணியத்தின் ஊர், மொழி, குடும்ப வழக்கம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அன்று விமர்சித்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர் என்ற வேறுபாடு தெரியாமல் 'இந்தியா' என்ற ஒரே பானையில் எல்லாவற்றையும் போட்டுக் கிண்டிய மாதிரி இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் யார் என்று விசாரித்துக்கொள்வதுதான் மரியாதையின் முதல் படி.

மூன்றாவது குறைதான் மிகப் பெரியது. அது சொல்லிலும் இருக்கிறது, அந்தச் சொல்லைச் சொல்லும் குரலிலும் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சாதி, ஆகவே ஒருவர்மேல் ஒருவர் பட்டாலும் தீட்டு என்ற பயம் அவர்களுக்கு இல்லை என்ற பொருளில் அந்தப் பகுதி போகிறது. இதை ஒரு பாத்திரம் சொல்லியிருந்தால், "இது அவனுடைய புத்தி" என்று வாசகர் எடுத்துக்கொள்ளலாம். கதைசொல்லியே சொல்கிறார், தகவல் சொல்வதுபோலச் சொல்கிறார். தீட்டு என்பது மனிதர் மனிதர்மேல் சுமத்திய கொடுமை என்று சொல்ல அங்கே ஆளில்லை. அந்த நினைப்பை மறுத்துக் கேட்க ஒரு பாத்திரம்கூட அந்த இடத்தில் இல்லை. தீண்டாமை ஏதோ மழை வெயில் மாதிரி இயற்கையாகப் போய்விடுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் அதைப் பொது அறிவு என்று குறித்துக்கொள்ளும். நம்ம பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

எதிர்ப்பில் இருந்த ஓட்டை

இதுவரை சொன்னதில் நம்மில் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இருக்காது. இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

அன்றைய எதிர்ப்புக் குரல்களில் அடிக்கடி கேட்ட வாதம் ஒன்று: "மலாயாவுக்கு வந்தவங்க எல்லாரும் அந்தச் சாதி இல்ல. பல சாதிக்காரங்க வந்தாங்க." வரலாற்றுப்படி இது சரி. நாவலின் பொதுமைப்படுத்தலுக்கு இது நேரான மறுப்பும்தான். ஆனால் இந்த வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், அதன் அடியில் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருப்பது தெரியும்: "எங்களைப் போய் அவங்களோட சேர்த்துட்டீங்களே!"

அப்போது பறையர் சமூகத்தில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை எங்கே போவது? நாவல் அந்தப் பிள்ளையை இழிவாகக் காட்டுகிறது. எதிர்ப்போ, "அது நாங்க இல்ல" என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறது. வகுப்பில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்று இரண்டு தடவை அடி.

வரலாற்றைப் பார்ப்போம். பால்மரத் தோட்டங்களுக்கும் சாலை, ரயில் வேலைகளுக்கும் வந்த தென்னிந்தியத் தொழிலாளர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையினர். நிலமில்லாமல், ஊரில் மரியாதையும் இல்லாமல் இருந்தவர்கள்தான் கடல் தாண்டத் துணிந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. திறன்சாராத் தொழிலாளர்களை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தே, உறவிலிருந்தே ஆள் திரட்டினார்கள். ஊர்ச் சாதிக் கட்டு அப்படியே கப்பலேறி வந்தது. தோட்டத்து லயங்களில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனி வரிசை இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது முதலில் இறங்கியது பினாங்கில்தான். சாதி ஒழிப்பைப் பேச அவர் இங்கே வர வேண்டியிருந்தது. ஊரில் விட்டுவந்த வியாதி என்று நாம் நினைத்தது இங்கேயும் இருந்தது. இராஜகிருஷ்ணன் இராமசாமி மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு குறித்து 1984இல் ஒரு நூலே எழுதினார். அதாவது சுதந்திரம் கிடைத்து 27 ஆண்டுக்குப் பிறகும் எழுத விஷயம் இருந்தது.

இன்றைக்கு? கல்யாணப் பேச்சு எடுக்கும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வராத வீடுகள் எத்தனை என்று அவரவர் எண்ணிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால், "நம்ம வீட்டுக் குறையை வெளியில சொல்லி, எதிராளிக்குக் கம்பு எடுத்துக் கொடுக்கறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சிறுபான்மையினர் தங்கள் குறையைப் பொதுவில் பேசினால் அது அவர்கள்மேலேயே திரும்பும் என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பேசாமல் இருப்பதால் யாருக்கு லாபம்? மற்ற இனத்தார் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் நாம் கேட்கும் சமத்துவத்தை, நமக்குள்ளே ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறோம் என்பதிலும் கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்கு எடை இருக்கும்.

எடுத்துவிட்டால் தீருமா?

ஒரு சொல் புண்படுத்தினால் அதை அழிப்பது, ஒரு பக்கம் புண்படுத்தினால் அதைக் கிழிப்பது. இது மலேசியாவில் மட்டும் நடப்பதில்லை.

'இண்டர்லோக்' சர்ச்சை நடந்த அதே 2011இல் அமெரிக்காவில் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலுக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சொல் அதில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதையெல்லாம் நீக்கி 'அடிமை' என்று மாற்றியிருந்தார்கள். வகுப்பறைகள் அந்த நாவலைக் கைவிடாமல் இருக்கவே இப்படிச் செய்தோம் என்றார்கள். சொல்லை மாற்றினால் அந்தக் காலத்துக் கொடுமையும் மங்கிப்போகும் என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. ட்வைனின் நாவலில் அந்தச் சொல்லைப் பேசுபவர்களின் சமூகத்தையே கதை கேள்வி கேட்கிறது. 'இண்டர்லோக்'கின் அந்தப் பகுதியில் அப்படிக் கேள்வி கேட்கும் குரல் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி எடைபோடக் கூடாது.

இந்தியாவில் வேறொன்று நடந்தது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய ஒரு பாடம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடிய தோள்சீலைப் போராட்டம் அதில் வந்தது. நாடார்களைப் பற்றிய வருணனை தவறானது, இழிவானது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2016 டிசம்பரில், அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கப்படாது என்று சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019இல் அந்தப் பாடமே நூலிலிருந்து போய்விட்டது. தவறான வருணனையைத் திருத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாக, ஒடுக்கப்பட்ட பெண்கள் போராடி ஜெயித்த கதையே பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைந்தது. யார் போராடினார்களோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே அது பாடத்தில் இல்லாமல் போனது.

நம்ம விவகாரத்திலும் இதே நிழல் இருக்கிறது. 'இண்டர்லோக்' போனது சரியே. மறுத்துப் பேச இடமில்லாத இழிவைக் கட்டாயப் பாடமாக வைக்கக் கூடாது. ஆனால் போன இடத்தில் என்ன வந்தது? தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையை, லயத்தின் உள்ளிருந்து, மரியாதையோடு சொல்லும் ஒரு மலாய்ப் பாடநூல் வரவில்லை. மூன்று இனத்தையும் சேர்த்துப் பார்க்க முயன்ற நாவலின் இடத்துக்கு அதே எழுத்தாளரின் வேறொரு நாவல் வந்தது. சர்ச்சை அடங்கிவிட்டது. ஆனால் "மலேசியப் பாடநூலில் இந்தியர் எங்கே, எப்படி வர வேண்டும்?" என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. தவறாகக் காட்டப்படுவது ஒரு குறை. காட்டப்படாமலே போவதும் குறைதான்.

பினாங்கிலிருந்து ஒரு சொல்

ஒரு சொல்லை வகுப்பில் எப்படிப் பேசுவது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்க்காத பினாங்கு மாணவர் இருக்க முடியாது. 'கெலிங்' என்ற சொல் கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு காலத்தில் தென்னிந்திய வணிகரைக் குறித்த சாதாரணச் சொல். மரியாதைக்குரிய தலைவரின் பட்டத்திலேயே அது இருந்திருக்கிறது. அதே சொல்லை இன்று பள்ளித் திடலில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. பள்ளிவாசலின் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. திடலில் சொன்னவனை யாரும் மன்னிக்கவும் வேண்டியதில்லை.

பறை என்பது தோற்கருவி. அதை முழக்கியவர்களின் பெயர் பறையர். உழைப்பையும் கலையையும் சொன்ன பெயர், ஆதிக்கத்தால் இழிசொல்லாகி, ஆங்கிலம் வழியாக உலகம் சுற்றி, மலாய்மொழிக்கும் வந்து சேர்ந்தது. இந்தப் பயணத்தைச் சொல்லிக்கொடுத்தால், அந்தச் சொல் வகுப்பில் யாரையும் குத்தும் கத்தியாக இருக்காது. அதைக் கத்தியாக்கியது யார் என்ற வரலாறாக மாறும்.

ஆசிரியர்களுக்குச் சில வழிகள்

1. புண்படுத்தும் பகுதியை எந்த மாணவரையும் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். அதைப் பற்றி முதலில் நீங்களே பேசுங்கள். "இதுல சொல்றது உண்மையா, யார் சொல்றாங்க, ஏன் சொல்றாங்க?" என்ற மூன்று கேள்வியோடு தொடங்குங்கள்.

2. வகுப்பில் உள்ள இந்திய மாணவரை அந்த இனத்தின் பேச்சாளராக நிறுத்தாதீர்கள். "நீ சொல்லுப்பா, உங்க ஆளுங்க இப்படித்தானா?" என்று கேட்பது உதவி மாதிரித் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை.

3. தமிழ் வகுப்பில் தராசைத் திருப்பிப் பிடியுங்கள். நம்ம கதைகளில் மலாய்க்காரரும் சீனரும் எப்படி வருகிறார்கள்? சீனத் தவுக்கே என்றால் கஞ்சன், மலாய்க்காரர் என்றால் போலீஸ்காரர் என்று நாமும் அச்சுப் போட்டிருக்கிறோமா? அப்படி ஒரு கதையை எடுத்து, அந்தப் பாத்திரத்தின் பார்வையில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். மற்றவர் நம்மை எழுதும்போது என்ன கேட்கிறோமோ, அதை நாம் கொடுக்கிறோமா என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

4. சாதி பற்றிக் கேள்வி வந்தால் "அதெல்லாம் இப்ப இல்ல" என்று மூடிவிடாதீர்கள். பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கும். இருக்கிறது, தவறு, எதிர்த்தவர்கள் நம்மிலேயே இருந்தார்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

மலாய்மொழியானாலும் தமிழ் இலக்கியமானாலும், நாவல் கேள்விக்கு விடை எழுதும்போது மூன்று குரலைப் பிரித்துப் பாருங்கள்: எழுத்தாளர், கதைசொல்லி, கதாபாத்திரம். இழிவான கருத்து எந்தக் குரலில் வருகிறது? கதை அதற்குப் பதில் சொல்கிறதா? பதில் சொன்னால் அது சமுதாயத்தைக் கண்டிக்கும் படைப்பு. சொல்லாவிட்டால் அது படைப்பின் குறை. "எழுத்தாளர் இனவாதி" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினால் மதிப்பெண் வராது, நியாயமும் ஆகாது. "நோக்கம் இன ஒற்றுமை, ஆனால் பாத்திரப் படைப்பு இனத்துக்கு ஒரு குணம் என்று சுருங்கிவிட்டது, அதனால் நோக்கமே பலவீனப்படுகிறது" என்று காரணத்தோடு எழுதுங்கள். நோக்கம், உத்தி, விளைவு என்ற இந்த வரிசை எந்த நாவலுக்கும் பொருந்தும்.

முடிவாக ஒன்று. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியதை மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். இருநூறு ஆண்டைத் தாண்டிவிட்டோம். இத்தனை காலமும் பள்ளிக்காக, நிலத்துக்காக, மானியத்துக்காகப் போராடியிருக்கிறோம். பாடநூலில் நம்ம முகம் மரியாதையாக இருக்க வேண்டும் என்ற போராட்டமும் அதில் சேர்ந்ததுதான். அந்த முகத்தில் லயத்தின் கடைசி வீட்டுக்காரர் முகமும் இருக்க வேண்டும். அவரை விட்டுவிட்டுக் கேட்கும் சமத்துவத்தை, அவர் வீட்டுப் பிள்ளை எப்படி நம்பும்?